கொப்பியில் இல்லாத வரி: திருமலையில் ஊடகவியல் படிக்கப் போகிறவர்களுக்கு

உயர்தரப் பெறுபேறு வந்த கையோடு திருகோணமலையில் பல வீடுகளில் ஒரே கேள்விதான்: "பிள்ளைக்கு மீடியாவில விருப்பம். எங்க சேர்க்கிறது?" எங்கே சேர்ப்பது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சேர்ந்தபிறகு எதைப் பழகுவது என்பதற்குத்தான் இடம் அதிகம் வேண்டும்.

வெளிநாட்டு உறவினர் வாயிலாக "கம்யூனிட்டி கொலேஜ்" என்ற சொல் இங்கும் புழங்குகிறது. அமெரிக்காவில் அது இரண்டு வருடப் படிப்பு, ஏறத்தாழ 60 கிரெடிட். முடித்தவர் விரும்பினால் பல்கலைக்கழகமொன்றில் மூன்றாம் வருடத்தில் தொடரலாம். இங்கே அதற்குக் கிட்ட வருவது டிப்ளோமா. இசட் புள்ளி போதுமானவர்களுக்கு கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் கோணேசபுரியிலேயே இருக்கிறது. அங்கே தொடர்பாடல், வணிகக் கற்கைகள் பீடம் உண்டு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும் ஊடகக் கற்கை இருக்கிறது. கொழும்பில் இலங்கை இதழியல் கல்லூரி தமிழிலும் டிப்ளோமா நடத்தி வந்திருக்கிறது. மற்றவை தனியார் நிறுவனங்கள். தனியாரிடம் காசு கட்டுமுன் மூன்றாம்நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் அந்த நிறுவனம் பதிவு செய்யப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். நிறுவனப் பதிவு வேறு, கற்கைநெறிக்கான தரச் சான்று வேறு. விளம்பரத் தாளில் முதலாவதை மட்டும் பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். இரண்டாவதைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று இருக்கிறது. "ஒரு மாணவர் இந்தப் படிப்பில் எத்தனை செய்தி எழுதுவார்? அதில் எத்தனை சிவப்புப் பேனையால் திருத்தித் திரும்பி வரும்?" அந்த எண்ணிக்கையை விரிவுரையாளர் சொல்லமுடியாமல் தடுமாறினால், ஸ்டூடியோ எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் அந்த இடம் வேண்டாம். வகுப்பே ஒரு பத்திரிகையை அல்லது வாராந்த வானொலி நிகழ்ச்சியை நடத்தும் இடம் நல்லது. திகதிக்குள் முடிக்கவேண்டும் என்ற நெருக்கடியில்லாமல் இந்தத் தொழில் கைவராது.

கோட்பாட்டுப் பாடங்களைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. லாஸ்வெல் 1948 இல் கேட்ட ஐந்து கேள்விகள் (யார், என்ன, எந்த வழியில், யாருக்கு, என்ன விளைவோடு), ஷனன்-வீவரின் 1949 தொடர்பாடல் மாதிரி, மக்கோம்ஸும் ஷோவும் 1972 இல் வெளியிட்ட நிகழ்ச்சிநிரல் கோட்பாடு (ஊடகம் எதைப் பெரிதாகக் காட்டுகிறதோ அதையே மக்களும் முக்கியமாக எண்ணுவார்கள் என்பது): இவை பரீட்சையில் வரும். மனப்பாடம் செய்வதைவிட, ஒரு வாரம் மூன்று தமிழ்ப் பத்திரிகைகளின் முதற்பக்கத்தை அருகருகே வைத்துப் பாருங்கள். கிழக்கு மாகாணச் செய்தி எந்தப் பக்கத்தில், எத்தனை அங்குலத்தில் வந்திருக்கிறது என்று அளந்தால் நிகழ்ச்சிநிரல் கோட்பாடு தானாகவே விளங்கிவிடும்.

இனி கொப்பிக்கு வருவோம். கையடக்கமான, மேற்பக்கமாகப் புரட்டும் கொப்பி நல்லது, நின்றுகொண்டே எழுதலாம். ஒவ்வொரு பக்கத்தின் மேலும் திகதி, நேரம், இடம். வலப்பக்கத்தில் மட்டும் எழுதி, இடப்பக்கத்தை வெறுமையாக விடுங்கள். பிறகு சரிபார்த்தது, முரண்பட்டது, இன்னும் கேட்கவேண்டியது எல்லாம் அங்கே வரும். ஒருவர் சொன்னதை அவர் சொன்னபடியே எழுதினால் மேற்கோள் குறி போடுங்கள். உங்கள் வார்த்தையில் சுருக்கினால் குறி போடாதீர்கள். இந்த வேறுபாட்டைக் களத்திலேயே போடாவிட்டால், இரவு எட்டு மணிக்குச் செய்தி தட்டச்சும்போது எது யாருடைய சொல் என்று எவருக்கும் ஞாபகம் இராது. ஒலிப்பதிவு இருக்கிறதுதானே என்று கொப்பியை விட்டுவிடுகிறவர்கள் ஒரு வரியைத் தேட நாற்பது நிமிடப் பதிவை முழுதாகக் கேட்டுக்கொண்டிருப்பார்கள். பதிவு ஓடும்போது முக்கியமான இடத்தில் நிமிடக் கணக்கைக் கொப்பியில் குறித்துக்கொண்டால் போதும்.

பெயர்களை அவர்களையே கொப்பியில் எழுதச் சொல்லுங்கள். இந்த மாவட்டத்தில் இதற்குக் கூடுதல் காரணம் இருக்கிறது. முகம்மது, முஹம்மது, மொஹமட் மூன்றும் மூன்று வேறு ஆட்களின் அடையாள அட்டையில் இருக்கும். சிங்களப் பெயரைக் காதால் கேட்டு எழுதினால் குறிலும் நெடிலும் மாறும். ஊர்ப்பெயரும் அப்படித்தான்: அரச ஆவணத்தில் மொரவெவ என்றிருப்பதை முதலிக்குளம் என்றும், கோமரங்கடவல என்பதைக் குமரேசன்கடவை என்றும் தமிழர்கள் சொல்வார்கள். செய்தியில் முதல் தடவை இரண்டையும் எழுதுங்கள். ஒன்றை மட்டும் எழுதினால் வாசகர்களில் ஒரு பகுதியினருக்கு அது எந்த இடம் என்றே தெரியாமல் போகும்.

முதலாவது களப்பயிற்சியாக மீன் விலை நல்லது. சின்ன வேலைபோலத் தெரியும், ஆனால் பிழைவிட ஏராளமான இடம் உண்டு. கரையில் ஏலம் போகும் விலை, மொத்த வியாபாரி கொடுக்கும் விலை, சந்தையில் வெட்டி விற்கும் விலை மூன்றும் வேறு. மாணவர்கள் கரையில் கேட்ட விலையையும் சந்தையில் கேட்ட விலையையும் பக்கத்தில் வைத்து "விலை உயர்ந்தது" என்று எழுதிவிடுவார்கள். ஒரே மீன், ஒரே அளவு, ஒரே படிநிலை, ஒரே நேரம்: இந்த நான்கும் பொருந்தினால்தான் நேற்றோடு இன்றை ஒப்பிடலாம். பாரை வேண்டுமானால் பாரை மட்டும். மூன்று வியாபாரிகளிடம் கேளுங்கள், மூன்றையும் எழுதுங்கள், சராசரி போடாமல் "இவ்வளவிலிருந்து இவ்வளவு வரை" என்று கொடுங்கள். கிலோ முழு மீனுக்கா, தலை குடல் நீக்கியதற்கா என்றும் கேளுங்கள். காரணம் எழுதும்போது இன்னும் கவனம் வேண்டும். வாடைக்காற்றில் படகு போகவில்லை என்பது நீங்கள் கரையில் எண்ணிப் பார்க்கக்கூடியது. மண்ணெண்ணெய் விலைதான் காரணம் என்பது ஒருவரின் கருத்து. அதைச் சொன்னவர் பெயரோடு போடவேண்டும். சுருக்குவலை (கடலில் மீன் கூட்டத்தை வளைத்துப் பிடிப்பது), கரைவலை (கரையிலிருந்து இழுப்பது) பிரச்சினைகளில் இரண்டு தரப்பும் ஒரே மீன்வாடிக்குப் பக்கத்திலேயே இருக்கும். ஒரு தரப்போடு தேநீர் குடித்துவிட்டு வந்து எழுதிய செய்தி முதல் பந்தியிலேயே காட்டிக்கொடுத்துவிடும்.

கணக்கு பலருக்குப் பயம், ஆனால் திருத்த அறிவித்தல்கள் பல கணக்கிலிருந்துதான் பிறக்கின்றன. ஆங்கில அறிக்கையில் 2.5 மில்லியன் ரூபா என்றிருந்தால் அது 25 இலட்சம். ஒரு பில்லியன் என்றால் 100 கோடி. இந்த இரண்டையும் கொப்பியின் முதல் அட்டையில் எழுதி வையுங்கள். காணிச் செய்திக்கு 160 பேர்ச்சஸ் ஓர் ஏக்கர், ஒரு ஹெக்டேயர் 2.47 ஏக்கர். தம்பலகாமம், கந்தளாய்ப் பக்கம் நெல் விளைச்சலைப் புசலில் சொல்வார்கள். ஒரு புசல் நெல் சுமார் 20.9 கிலோ. மூடைக் கணக்கில் சொன்னால் அந்த மூடையில் எத்தனை கிலோ என்று கேட்காமல் எழுதாதீர்கள். 40 சதவீதம் 50 சதவீதமானால் உயர்வு 10 சதவீதப் புள்ளி. சதவீதத்தில் சொன்னால் 25. இரண்டையும் குழப்பிய தலைப்புகள் கணக்கில்லை.

திருகோணமலை எண்ணெய்க் குதங்களை எடுத்துக்கொள்ளுங்கள். 2022 ஜனவரி உடன்படிக்கையின்படி 14 குதங்கள் இந்தியன் ஒயில் நிறுவனத்தின் துணை நிறுவனமான லங்கா ஐஓசியிடம், 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்திடம், 61 இரண்டும் சேர்ந்த கூட்டு நிறுவனத்திடம். அந்த நிறுவனத்தில் கூட்டுத்தாபனத்துக்கு 51 சதவீதம், ஐஓசிக்கு 49. கூட்டிப் பாருங்கள், 99 வரும். "99 குதங்களும் இந்தியாவுக்கு" என்று எழுதினால் பிழை, "குதங்கள் முழுவதும் எங்கள் கையில்" என்றாலும் பிழை. ஒரு பட்டியலைக் கொடுத்தால் முதலில் கூட்டிப் பார்ப்பது பழக்கமாகவேண்டும். கூட்டுத்தொகை பொருந்தவில்லையென்றால் அங்கேயே ஒரு செய்தி இருக்கும், அல்லது தட்டச்சுப் பிழை இருக்கும். இரண்டையும் கேட்டே தெரிந்துகொள்ளமுடியும்.

இறந்தவர் தொகை எழுதும்போது இந்தக் கவனம் இரட்டிப்பாகவேண்டும். 2021 நவம்பர் 23 அன்று கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் பாலம் கட்டப்பட்டுக்கொண்டிருந்த இடத்தில் மிதப்புப் பாதை (ஆட்களை ஏற்றிச் செல்லும் மிதவை) கவிழ்ந்து பாடசாலைப் பிள்ளைகள் இறந்தார்கள். முதல் மணிநேரங்களில் ஒரு எண், வைத்தியசாலையில் இருந்தவர்களின் நிலை மாறியதும் வேறு எண். இப்படியான வேளையில் எண்ணோடு மூன்று விடயம் சேர்த்து எழுதுங்கள்: யார் சொன்னார், எத்தனை மணிக்கு, எந்த வைத்தியசாலையின் கணக்கு. "கிண்ணியா வைத்தியசாலை தகவலின்படி காலை 10 மணிவரை" என்ற வடிவத்தில் எழுதிய வரி மாலையிலும் பொய்யாகாது. பிள்ளையின் பெயரை, பெற்றோருக்குத் தெரியும் என்று உறுதியாகுமுன் எழுதவே கூடாது. முகப்புத்தகத்தில் ஏற்கெனவே வந்துவிட்டது என்பது காரணமாகாது.

நீதிமன்றச் செய்திக்குச் சொல்லகராதி கட்டாயம். கைதானவர் சந்தேகநபர். குற்றப்பத்திரம் தாக்கலானபின் எதிரி, அதாவது குற்றஞ்சாட்டப்பட்டவர். குற்றம் நிரூபணமானதாகத் தீர்ப்பு வந்தபின்தான் குற்றவாளி. "கொலைகாரன் கைது" என்ற தலைப்பு வழக்கைப் பாதிக்கும், எழுதியவரையும் சிக்கவைக்கும். விளக்கமறியல் தண்டனையல்ல, "14 நாள் சிறை" என்று எழுதாதீர்கள். வழக்கு இலக்கம், நீதிமன்றம், அடுத்த தவணைத் திகதி மூன்றும் கொப்பியில் இல்லாமல் நீதிமன்ற வளவை விட்டு வெளிவரவேண்டாம். பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது தண்டனைச் சட்டக்கோவையின் 365சீ பிரிவின்படி குற்றம். பெயரை மறைத்துவிட்டு ஊரையும் பாடசாலையையும் தகப்பனின் தொழிலையும் எழுதினாலும் அடையாளம் வெளிவந்துவிடும். சின்ன ஊரில் இரண்டு விபரமே போதும். தற்கொலைச் செய்தியில் முறையை விபரிக்காதீர்கள், இடத்தைப் படம் பிடிக்காதீர்கள், தேசிய மனநல உதவி இலக்கமான 1926 ஐச் சேர்த்து எழுதுங்கள். குற்றவியல் அவதூறுச் சட்டம் 2002 இல் நீக்கப்பட்டது, ஆனால் நட்டஈடு கோரிச் சிவில் வழக்குப் போடலாம். 2024 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தையும் முழுதாக ஒருதடவை வாசியுங்கள். சொந்தப் பக்கத்தில் எழுதுகிறவரையும் அது தொடும்.

திருகோணமலையில் இந்தப் பாடங்களைப் படிக்கிறவருக்குச் சுப்பிரமணியம் சுகிர்தராஜன் என்ற பெயர் தெரிந்திருக்கவேண்டும். 2006 ஜனவரி 2 ஆம் திகதி கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டபோது கைக்குண்டு வெடித்ததால் இறந்தார்கள் என்று சொல்லப்பட்டது. சுடர் ஒளி பத்திரிகையின் செய்தியாளரான சுகிர்தராஜன் எடுத்த படங்கள் துப்பாக்கிச் சூட்டுக் காயங்களைக் காட்டின. அதே மாதம் 24 ஆம் திகதி அவர் இந்த நகரத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். படம் ஏன் மூலக் கோப்பாகப் பேணப்படவேண்டும் என்று விரிவுரையில் கேட்டால் இதைவிட வேறு விளக்கம் வேண்டியதில்லை. வட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கும், எடுத்த நேரமும் கமரா விபரமும் அழிந்துபோகும். ஆவணமாக அனுப்புங்கள். மூலத்தை வெட்டாமல், ஒளி கூட்டாமல் ஒரு வெளி ஹார்ட் டிஸ்க்கிலும் இன்னோரிடத்திலும் வையுங்கள். திருத்தம் எதுவானாலும் பிரதியில்தான். கோப்பின் பெயரை வருடம், மாதம், நாள், இடம் என்ற ஒழுங்கில் வைத்தால் பத்து வருடம் கழித்தும் தேடி எடுக்கலாம். தகவல் தந்தவர்களின் பெயர் இருக்கும் கொப்பியை இப்படிப் பகிரங்கமாக அடுக்கவேண்டாம்; அதைத் தனியாக வையுங்கள்.

அடுத்து, படிக்கும்போதே கையில் எடுக்கவேண்டிய கருவி தகவல் அறியும் உரிமைச் சட்டம். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டம், 2017 பெப்ரவரி 3 முதல் நடைமுறையில். வகுப்பில் ஒவ்வொருவரும் முதல் தவணையிலேயே ஒரு விண்ணப்பம் போடவேண்டும், ஏனென்றால் பதில் வர மாதக்கணக்காகலாம். தகவல் இருக்கும் அலுவலகத்தின் தகவல் உத்தியோகத்தருக்குத் தமிழிலேயே எழுதலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை, கேட்டாலும் சொல்லவேண்டியதில்லை. கிடைத்ததற்கான பற்றுச்சீட்டை வாங்கிக் கொப்பியில் ஒட்டுங்கள், நாள் எண்ணுவது அதிலிருந்துதான். 14 வேலைநாளுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்லவேண்டும். தருவதென்றால் அடுத்த 14 நாளுக்குள் தரவேண்டும். கூடுதல் அவகாசம் தேவையென்றால் 21 நாளுக்கு மேற்படாமல் நீடிக்கலாம். ஒருவரின் உயிர் அல்லது சுதந்திரம் சம்பந்தப்பட்டதென்றால் 48 மணித்தியாலம். மறுத்தால், அல்லது பதிலே வராவிட்டால், 14 நாளுக்குள் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட உத்தியோகத்தருக்கு மேன்முறையீடு. அங்கும் சரிவராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமைக்கான ஆணைக்குழுவுக்கு. இடையில் விண்ணப்பத்தைக் கைவிட்டுவிடாதீர்கள். திகதியைத் தவறவிட்டால் திரும்பவும் ஒன்றிலிருந்து தொடங்கவேண்டும்.

விண்ணப்பம் தோற்பதற்குப் பெரும்பாலும் கேள்வியே காரணம். "எங்கள் பிரதேச சபை ஏன் குப்பை அள்ளுவதில்லை?" என்பது கேள்வி, தகவல் அல்ல, ஆவணத்தில் இல்லாததற்கு அவர்கள் பதில் தரவேண்டியதில்லை. "2024 ஜனவரி 1 முதல் டிசம்பர் 31 வரை குப்பை ஏற்றும் உழவு இயந்திரங்களின் ஓட்டப் பதிவேட்டின் பிரதி, அதே காலத்துக்கான எரிபொருள் கொடுப்பனவு வவுச்சர்களின் பிரதி" என்று கேட்டால் அது ஆவணம். இரண்டையும் பக்கத்தில் வைத்து கிலோமீற்றருக்கு எத்தனை லீற்றர் என்று வகுத்தால் செய்தி வரும். ஒரு விண்ணப்பத்தில் இரண்டு மூன்று விடயத்துக்கு மேல் வேண்டாம். பெரிதாகக் கேட்டால் ஒன்றைக் காட்டி முழுவதையும் இழுத்தடிக்க இடம் கொடுத்துவிடுவீர்கள்.

சிங்களம் வாசிக்கப் பழகுங்கள். வடக்கு கிழக்கில் தமிழ் நிர்வாக மொழி என்று அரசியலமைப்பு சொன்னாலும், பொலிஸ் தலைமையகத்தின் ஊடக அறிக்கை கையில் வரும்போது அது பலதடவை சிங்களத்திலேயே இருக்கும். நண்பர் ஒருவரின் வாய்மொழி மொழிபெயர்ப்பை நம்பி எழுதிய செய்தியில் யார் முறைப்பாடு செய்தவர், யார் மீது முறைப்பாடு என்பதே தலைகீழாகிவிடும். கட்டாயம் பேச வரவேண்டுமென்றில்லை. எண், திகதி, பதவிப்பெயர், சந்தேகநபர், முறைப்பாட்டாளர் என்ற அளவுக்கு எழுத்தைக் கூட்டி வாசிக்க முடிந்தாலே பெரும் பிழைகள் தவிரும்.

ஒலிப்பதிவில் இந்த ஊரின் எதிரி காற்று. டச்பே, உப்புவெளிக் கடற்கரைகளில் போன் மைக்கை அப்படியே பிடித்தால் பேச்சுக்குப் பதில் உறுமல்தான் பதிவாகும், அதை எந்த மென்பொருளாலும் முழுதாக எடுக்க முடியாது. மைக்குக்கு மேல் பஞ்சுறை, அதற்கு மேல் மயிருறை போடுங்கள். பேசுபவரின் முதுகு காற்றுக்கு இருக்கட்டும்; உடம்பே தடுப்பாகும். வாயிலிருந்து 15 முதல் 20 சென்ரிமீற்றர். உச்சமட்டம் மைனஸ் 12 டெசிபலைச் சுற்றி நிற்கவேண்டும். பூச்சியத்தைத் தொட்டால் ஒலி கிழியும், அது திரும்பாது. போனில் பதிவதென்றால் விமானப் பயன்முறையில் போடுங்கள். பேட்டி முடிந்ததும் யாரும் பேசாமல் அந்த இடத்தின் சத்தத்தை மட்டும் 30 செக்கன் எடுங்கள். வெட்டி ஒட்டும்போது இடையில் வைக்க அது இல்லையென்றால் ஒவ்வொரு வெட்டும் காதில் இடிக்கும். வானொலிப் பிரதிக்கு, உங்கள் வாசிப்பு வேகத்தைக் கடிகாரம் வைத்து அளந்து அறிந்துகொள்ளுங்கள். கண்ணுக்கு அழகான நீண்ட வாக்கியம் மூச்சுக்குப் பொருந்தாது. உரக்க வாசித்துத் தடுக்கும் இடத்தில் முற்றுப்புள்ளி போடுங்கள். வீடியோவுக்கு ஒன்றே சொல்லலாம்: ஒவ்வொரு காட்சியையும் பத்துச் செக்கன் அசையாமல் பிடியுங்கள்.

செய்தியறைக்குப் பயிற்சிக்குப் போகிறவர்களை இன்றும் தடுமாற வைப்பது பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துரு. பழைய பக்க வடிவமைப்புகள் அதில்தான் இருக்கும், இணையத்துக்கு யுனிகோட் வேண்டும். பாமினியில் கமா விசையில் இருப்பது "இ". அதனால் யுனிகோடுக்கு மாற்றும் கருவியில் போட்டு எடுத்ததும் "மூதூர்இ கிண்ணியாஇ குச்சவெளி" என்று வரும். இலங்கைத் தமிழ்த் தளங்களில் இந்தத் தழும்பை அடிக்கடி பார்த்திருப்பீர்கள். இடையில் இருந்த ஆங்கிலச் சொற்கள் அர்த்தமில்லாத தமிழ் எழுத்தாகிவிடும். மாற்றியபின் சொல்லின் கடைசியில் நிற்கும் "இ" அனைத்தையும் தேடுங்கள், மேற்கோள் குறிகளைப் பாருங்கள், பெயர்களையும் எண்களையும் கொப்பியோடு ஒன்றொன்றாக ஒப்பிடுங்கள். எழுதுவதை முதலிலேயே யுனிகோடில் எழுதி, அச்சுக்குத் தேவையானால் மட்டும் பாமினிக்கு மாற்றினால் இந்த வேலை பாதியாகக் குறையும்.

படிப்பு முடிந்து வேலை கேட்டுப் பத்திரிகை ஆசிரியரிடம் போகும்போது சான்றிதழோடு ஆறு செய்திகளைக் கொண்டுபோங்கள். ஒன்று நீதிமன்றம், ஒன்று தகவல் அறியும் விண்ணப்பத்திலிருந்து வந்தது, ஒன்று மூன்று சமூகத்தவரையும் நேரில் கண்டு எழுதியது; மற்றவை உங்கள் விருப்பம். மாவட்டத்திலிருந்து எழுதும் பகுதிநேரச் செய்தியாளர் பலருக்குச் செய்திக் கணக்கில்தான் கொடுப்பனவு, ஆகவே போக்குவரத்துச் செலவு யாருடையது, படத்துக்குத் தனியாகவா என்பதை முதல் நாளே எழுத்தில் கேளுங்கள். அந்த ஆறில் ஏதாவதொன்றில் பிழை வந்து திருத்தம் போட்டிருந்தால் அந்தத் திருத்தத்தையும் சேர்த்து வையுங்கள்: என்ன பிழை, எது சரி, எந்தத் திகதியில் வந்தது என்று மூன்று வரி. கூடவே அந்தச் செய்திக்குரிய கொப்பிப் பக்கம். ஆசிரியர் வரியொன்றைத் தொட்டு "இது எங்கிருந்து வந்தது?" என்று கேட்டால் அந்தப் பக்கத்தைப் புரட்டிக் காட்டலாம்.